பென்சில் அலகு

பியானோ கற்ற காலத்தில் சொந்தமாக ஓர் இசைப் புத்தகம்கூட என்னிடம் இருந்ததில்லை. எல்லாம் ஜெராக்ஸ். மிஸ் தன் அலமாரியிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்துத் தருவார். தெருமுனைக் கடையில் படியெடுத்துவிட்டு மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி வந்து சேர்ந்த ஒற்றைத் தாள்தான் போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் இருபதாம் பிரெலூட் (சிறு பியானோ படைப்பு), சி மைனர். பதின்மூன்றே கட்டங்கள். (இரண்டு நெடுக்குக் கோடுகளுக்கு இடைப்பட்டதைக் கட்டம் என்கிறேன், வகுப்பில் ‘பார்’ என்போம்.) சவ ஊர்வலம் போல நகரும் கனத்த கார்டுகள், அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள். முதல் நான்கு கட்டங்கள் மிக உரக்க, அடுத்த நான்கு மெல்ல, அதற்கடுத்த நான்கு இன்னும் மெல்ல, பிறகு ஒற்றை முடிவுக் கார்டு.

மூன்றாம் கட்டத்தின் கடைசி இரண்டு கார்டுகளுக்கு அடியில் ஒரு குறி இருந்தது. ஒலி கூட வேண்டிய இடத்தில் விரிந்துகொண்டே போகும், குறைய வேண்டிய இடத்தில் குவிந்துகொண்டே போகும் இரட்டைக் கோடு. மிஸ் அதை ‘ஹேர்பின்’ என்பார். எனக்கு அது காக்கை அலகு. இங்கே இருந்தது மூடும் அலகு. உரத்த முதல் வரியின் நடுவில் ஷோபன் ஒரு கணம் தயங்குகிறார், குரல் இறங்குகிறது, பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு நான்காம் கட்டத்துக்குப் போகிறார் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கே கண் கலங்கும். பதினான்கு வயது.

சென்ற ஆண்டு மிஸ்ஸின் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய மகள் அந்தப் பழைய புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இருபதாம் பிரெலூடைத் தேடிப் புரட்டினேன். அலகு பென்சிலால் போட்டது. அச்சில் அங்கே ஒன்றுமே இல்லை. ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு மையும் பென்சிலும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே கறுப்பில் தந்திருந்தது. மிஸ் போட்டதாகவும் தெரியவில்லை. அவர் தாள் கிழியும்படி அழுத்திப் போடுபவர். இது மயிரிழைக் கோடு. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கியது அது. எனக்கு முன், மிஸ்ஸுக்கும் முன், யாரோ ஒருவர் தயங்கியிருக்கிறார்.

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. இருபது ஆண்டுகளாக ஒற்று விட்ட இடத்தையும் கால் விழுந்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய அவமானம். அன்றிரவே முதல் பதிப்புகளைத் தேடி உட்கார்ந்தேன். இன்று அதற்குப் பாரிஸுக்கோ வார்சாவுக்கோ போக வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஜான் ரிங்க் தலைமையில் அமைந்த குழு ஷோபனின் முதல் பதிப்புகளை நூலகம் நூலகமாகத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. வேறொரு தொகுப்பில் ஒரே கட்டத்தைக் கையெழுத்துப் பிரதியிலும் பாரிஸ், லைப்சிக், லண்டன் பதிப்புகளிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். நம் பழைய பதிப்பாசிரியர்கள் ‘பாடபேதம்’ என்று அடிக்குறிப்பில் தந்தார்களே, அதே வேலைதான். ஏட்டுக்குப் பதில் இசைத்தாள்.

ஒரே ஆளின் ஒரே படைப்புக்கு எதற்கு மூன்று முதல் பதிப்புகள்? காரணம் காசு. 1830களில் நாடு கடந்து செல்லும் பதிப்புரிமை என்று உறுதியாக எதுவும் கிடையாது. பாரிஸில் வெளியானதை லைப்சிக்கில் எவரும் கேட்பாரின்றி அச்சடித்து விற்கலாம். அதனால் ஷோபன் பெரும்பாலான படைப்புகளை மூன்று நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்டார்: பாரிஸில் ஷ்லேசிங்கர் போன்றோர், லைப்சிக்கில் பெரும்பாலும் பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்ட்டல், லண்டனில் வெஸ்ஸெல். அச்சுத் தகட்டில் இசையைக் கீறும் மூன்று செதுக்குநர்களுக்கும் ஏதாவது ஒரு மூலத்தைக் கொடுத்தாக வேண்டும். சில சமயம் தன் கையெழுத்துப் பிரதி, சில சமயம் நண்பர் எடுத்த நகல், சில சமயம் பாரிஸ் பதிப்பின் மெய்ப்புத் தாள். ஷோபன் வாழ்ந்தது பாரிஸில் என்பதால் பெரும்பாலும் அந்த மெய்ப்பை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. பார்க்கும்போது சும்மா இருக்கவும் மாட்டார். பிழையைத் திருத்துகிற சாக்கில் படைப்பையே மாற்றுவார். அதற்குள் லைப்சிக்குக்குப் போன நகல் பழைய நிலையிலேயே அச்சேறியிருக்கும். இப்படிப்பட்ட எழுத்தாளர்கள் எங்கள் அலுவலகத்துக்கும் வருவார்கள். மூன்றாம் மெய்ப்பில் புதுப் பத்தி எழுதுகிறவர்கள்.

இருபத்து நான்கு பிரெலூடுகளின் கதையைச் சொன்னால் புரியும். 1838 குளிர்காலத்தில் ஷோபன் மயோர்க்கா தீவில், வால்தெமோசா மடத்தில், எழுத்தாளர் ஜார்ஜ் சாந்துடன் இருந்தார். 1839 ஜனவரியில் பிரெலூடுகளை முடித்து, பாரிஸில் இருந்த பள்ளித் தோழர் யூலியன் ஃபொன்தானாவுக்கு அனுப்பினார்; நகல் எடுக்கச் சொன்னார்; பிழை இருக்காது என்று நினைப்பதாகவும் எழுதினார். (எழுத்தாளர் இப்படிச் சொன்னால் மெய்ப்புத் திருத்துபவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியாது.) ஷோபனின் கையெழுத்துப் பிரதியிலிருந்து பாரிஸில் கத்தெலின் பதிப்பு உருவானது. ஃபொன்தானாவின் நகல் லைப்சிக்குக்குப் போனது. காணிக்கைப் பக்கம்கூட ஒத்துப்போகவில்லை: பாரிஸ் பதிப்பு பியானோ தயாரிப்பாளர் கமீல் பிளேயெலுக்கு, லைப்சிக் பதிப்பு இசையமைப்பாளர் கெஸ்லருக்கு.

ஸ்வரங்கள் இந்தப் பயணத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன. ஸ்வரம் தவறினால் காது காட்டிக்கொடுத்துவிடும். தாங்காதவை ஸ்வரத்தைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னக் குறிகள்: அலகுகள், ஸ்வரங்களைச் சேர்த்துக் கட்டும் வில்வளைவுகள், பெடல் எங்கே மிதிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்கிற அடையாளங்கள். ‘உணர்ச்சியோடு வாசி’ என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் விரலால் தட்டிக் காட்டுவது இவற்றைத்தான். நகல் எடுப்பவரின் கண் அயர்வதும் இவற்றில்தான்.

இதில் மிகவும் குழப்பமானது மூடும் அலகு. பெரிதாகப் போட்டால் ‘போகப் போக மெல்ல’ என்று பொருள். மிகச் சிறிதாக ஒரே ஸ்வரத்தின் தலைமேல் போட்டால் ‘இதை அழுத்து’. வடிவம் ஒன்றே, அளவு மட்டும் வேறு. அச்சில் இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கும். ஷோபனின் கையில் பிரிந்திருக்காது. சிறியது உண்டு, பெரியது உண்டு, நடுவில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தழுவிக்கொண்டு நிற்கும் மூன்றாவது வகையும் உண்டு. இதை இன்றைய பதிப்பாசிரியர்கள் ‘நீண்ட அழுத்தம்’ என்கிறார்கள். 1967இல் தொடங்கி 2010 வரை வெளிவந்த போலந்தின் தேசியப் பதிப்பில் யான் எக்கியர் இதைத் தனிக் குறியாகவே அச்சில் கொண்டுவந்தார். முதல் ஸ்வரத்தின் மேல் எடையை வைத்து, அடுத்தவற்றில் அந்த எடையை மெதுவாக இறக்குவது என்று என் விரல்கள் அதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. வெறும் குத்து என்றால் முரட்டுத்தனமாகிவிடும். வெறும் ‘மெல்ல’ என்றால் எடையே இல்லாமல் கரைந்துவிடும்.

இப்போது செதுக்குநரின் நிலையை நினைத்துப் பாருங்கள். வெள்ளீயக் கலவைத் தகடு ஒன்று. அதில் எல்லாவற்றையும் வலம் இடமாக, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செய்ய வேண்டும். ஸ்வரத் தலைகளுக்கு உளி அச்சு இருக்கிறது, தட்டினால் பதியும். வளைவையும் நீண்ட அலகையும் கையால் கீற வேண்டும். எதிரே இருக்கும் தாளில் நடுத்தர அளவில் ஓர் அலகு. சிறியதா பெரியதா? கேட்பதற்கு ஆள் இல்லை. ஷோபன் வேறு ஊரில் இருக்கிறார். ஏதோ ஒன்றை முடிவு செய்து கீறிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். பாரிஸ் செதுக்குநர் ‘அழுத்து’ என்று எடுத்துக்கொண்டதை லைப்சிக்கில் ‘மெல்ல’ என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டுமே ‘முதல் பதிப்பு’.

ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிப்பவரே இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உ.வே.சா. போன்றவர்கள் பல பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததற்கு இப்படிப்பட்ட ஐயங்களும் ஒரு காரணம். ஷோபனின் அலகைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஓலைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வேறுபாடு: புள்ளியில்லாத சொல்லுக்கு யாப்பும் பொருளும் துணை நிற்கும். நடுத்தர அலகுக்கு யார் துணை?

துணைக்கு மாணவர்கள் வருகிறார்கள். பதினேழாம் பிரெலூட், ஏ ஃப்ளாட் மேஜர். அதன் கடைசிப் பகுதியில் மேலே இசை மிக மெல்ல ஓடிக்கொண்டிருக்க, கீழே ஒரே ஆழ்ந்த ஏ ஃப்ளாட் பதினொரு முறை ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் அழுத்தக் குறி உண்டு. ஆனால் எல்லாமே தேய்ந்து மறையும் இடத்தில் அழுத்தமும் சேர்ந்து தேய வேண்டுமா? நான் தேய்த்துத்தான் வாசித்தேன். அதுதான் நாகரிகம் என்று பட்டது. ஷோபனின் மாணவி கமீல் துயுபுவா பிற்காலத்தில் பியானோ கலைஞர் படெரெவ்ஸ்கியிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். மற்றதெல்லாம் குறைந்துகொண்டே போனாலும் அந்தக் கீழ் ஸ்வரத்தை மட்டும் ஷோபன் கடைசிவரை ஒரே வலுவுடன் வாசிப்பாராம். பழைய கோட்டையின் கடிகாரம் பதினொரு மணி அடிக்கிறது என்பது அவர் மனத்தில் இருந்த படமாம். கடிகாரத்துக்கு நாகரிகம் தெரியாது. இதைப் படித்த அன்று வாசித்துப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் மறுநாள் நலம் விசாரித்தார்.

வேகக் குறிகளுக்கு வந்தால் கதை இன்னும் விசித்திரம். பத்தாம் ஓபஸின் (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்) மூன்றாம் எட்யூட், பயிற்சித் துண்டு, உலகமெங்கும் சோககீதமாக வாசிக்கப்படுகிறது. ‘த்ரிஸ்தேஸ்’, அதாவது சோகம், என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அது ஷோபன் வைத்த பெயர் அல்ல. 1832இன் கையெழுத்துப் பிரதியில் அவர் எழுதியிருப்பது ‘விவாச்சே’, துடிப்பாக. அடுத்த பிரதியில் ‘விவாச்சே மா நோன் த்ரோப்போ’, துடிப்பாக, ஆனால் மிஞ்சிவிடாமல். 1833இல் அச்சுக்கு வந்தபோது ‘லெந்தோ மா நோன் த்ரோப்போ’: மெதுவாக, ஆனால் மிஞ்சிவிடாமல். துடிப்பு எப்படியோ மெதுவாகிவிட்டது; ‘மிஞ்சிவிடாமல்’ மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. கூடவே நிமிடத்துக்கு எட்டில் ஒரு பங்கு ஸ்வரங்கள் 100 என்ற மெட்ரோனோம் (தாளம் தட்டி வேகம் காட்டும் கருவி) எண். மெட்ரோனோமை 100இல் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒலிப்பதிவுகளில் நாம் கேட்டுப் பழகியதைவிட நன்றாகவே விரையும். சோகம் வந்து உட்கார நேரமே இருக்காது. ஷோபனுக்கும் இந்த எண்கள் சலித்திருக்க வேண்டும். இருபத்தேழாம் ஓபஸுக்குப் பிறகு, 1830களின் நடுவில், மெட்ரோனோம் எண் கொடுப்பதையே விட்டுவிட்டார்.

இதற்கு மேல் லண்டன் வெஸ்ஸெல் வேறு. ஆளுக்குத் தலைப்புப் பித்து. ஒன்பதாம் ஓபஸின் நாக்டர்ன்களுக்கு ‘சேன் நதியின் முணுமுணுப்புகள்’, முதல் ஷெர்ட்ஸோவுக்கு ‘நரக விருந்து’. ஷோபன் தடுத்தும் கேட்கவில்லை. 1841இல் ஃபொன்தானாவுக்கு எழுதிய கடிதத்தில் ஷோபன் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். எனக்கு வெஸ்ஸெல் மேல் கோபம் இல்லை. அவர் செய்தது யாருக்கும் தெரியும்படி அட்டையில் செய்த குற்றம். உள்ளே இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடிப்போன அலகுதான் ஆபத்தானது. அது ஷோபனின் குரலிலேயே பேசும்.

இருபதாம் பிரெலூடுக்குத் திரும்புகிறேன். மூன்றாம் கட்டத்தில் என் அலகு இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அதே கட்டத்தில் வேறொன்று காத்திருந்தது. நான்காம் அடியின் கார்டில் வரும் ஈ ஸ்வரத்துக்கு ஷோபனின் கையெழுத்தில் ஃப்ளாட் குறி, அதாவது ஸ்வரத்தை அரைப் படி தாழ்த்தும் குறி, இல்லை. எழுதியபடி வாசித்தால் மைனரின் இருட்டுக்கு நடுவே அங்கே ஒரு நொடி மேஜரின் வெளிச்சம் விழுகிறது. அவருடைய ஸ்காட்லாந்து மாணவி ஜேன் ஸ்டர்லிங்கின் புத்தகத்தில், அதாவது அச்சான பிரதியில், அந்த இடத்தில் ஃப்ளாட் பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தப் பென்சில் ஷோபனுடையது. ஸ்டர்லிங்கின் தொகுதிகள் இன்று பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மறதியைத் திருத்தினாரா, அன்றைக்கு மனம் மாறியதா என்று விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு மறதி என்றே தோன்றுகிறது. ஃப்ளாட்டோடு வாசிக்கும்போது வரி கனத்தோடு கீழே இறங்குகிறது. அது இல்லாவிட்டால் ஊர்வலத்தின் நடுவில் யாரோ டார்ச் அடித்தது போல இருக்கிறது.

அதைவிட என்னை உலுக்கியது கையெழுத்துப் பிரதியில் இருக்கும் ஒரு குறிப்பு. கடைசி நான்கு கட்டங்கள், அந்த ‘இன்னும் மெல்ல’ வரி, ஷோபன் முதலில் எழுதியதில் இல்லை. இரண்டாம் வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சேர்த்தது அது. ‘பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும் திருவாளர் இன்னாருக்காகச் செய்த சிறு விட்டுக்கொடுப்பு’ என்ற பொருளில் பதிப்பகத்துக்கு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். பெயரில்லை; வெறும் மூன்று எக்ஸ். அப்படியானால் உரக்க, மெல்ல, இன்னும் மெல்ல என்று மூன்று படிகளில் தொலைவுக்குப் போகும் அந்த ஊர்வலம், இந்தச் சின்னப் படைப்பின் உணர்ச்சிக் கட்டுமானமே, யாரோ மிஸ்டர் எக்ஸ் சொல்லி வந்தது. அவர் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஊர்வலம் ஒன்பதே கட்டத்தில், பாதி வழியில் நின்றிருக்கும்.

நூலாசிரியரே பின்னாளில் தன் உணர்ச்சிக் குறிகளை அழிப்பது இன்னொரு ரகம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் 1838இல் வெளியிட்ட தாவீத் குழு நடனங்கள், ஆறாம் ஓபஸ். முதல் பதிப்பின் அட்டையில் ஷூமான் இல்லை. ஃப்ளோரெஸ்டான், யூசேபியஸ் என்ற இரண்டு கற்பனை ஆட்கள்தான் ஆசிரியர்கள். பெரும்பாலான நடனங்களின் அடியில் எஃப், ஈ என்று யார் எழுதியது என்பதற்குக் கையொப்பம். ஒன்பதாவதன் தலையில் ஒரு வரி: இங்கே ஃப்ளோரெஸ்டான் நிறுத்தினான், வேதனையில் அவன் உதடுகள் துடித்தன என்று. கடைசி நடனத்தின் தலையில், யூசேபியஸ் தேவையே இல்லாமல் இன்னும் கொஞ்சம் சொன்னான், ஆனால் அவன் கண்களில் அத்தனை ஆனந்தம் என்று. இதை எப்படி வாசிப்பது? உதடு துடிப்பதற்கு எந்த விரல்? தெரியாது. ஆனால் அதைப் படித்த பிறகு அடுத்த ஸ்வரத்தைத் தொடும் கை வேறு கைதான்.

1850ஐ ஒட்டி வந்த இரண்டாம் பதிப்பில் நாற்பது வயது ஷூமான் இதையெல்லாம் துடைத்துவிட்டார். கையொப்பம் இல்லை, துடிக்கும் உதடு இல்லை. மூன்றாம் நடனத்துக்கு ‘கொஞ்சம் முரட்டுத்தனமாக’ என்பது போல ஒரு நாட்டுப்புறச் சொல்லைப் போட்டிருந்தார். அது ‘நகைச்சுவையோடு’ என்று குளித்துத் தலைசீவி வந்து நிற்கிறது. நூலாசிரியரின் கடைசித் திருத்தத்தையே பின்பற்ற வேண்டும் என்பது என் தொழிலின் முதல் விதி. இங்கே அந்த விதியை மீறுகிறேன். இருபத்தேழு வயதுக்காரரின் அசட்டுத்தனத்தை நாற்பது வயதுக்காரர் வெட்கப்பட்டு மறைக்கும்போது, மெய்ப்புத் திருத்துபவர் கொஞ்சம் முணுமுணுக்கலாம்.

ஃபொன்தானாவையும் சொல்லி முடிக்க வேண்டும். ஷோபன் 1849இல் இறந்தபின், அவர் வெளியிடாமல் வைத்திருந்தவற்றை 1855இல் ஃபொன்தானா வெளியிட்டார். ‘ஃபான்தசி-இம்ப்ராம்ப்து’ அதில் ஒன்று. ‘ஃபான்தசி’ என்ற ஒட்டு அவர் சேர்த்தது. ஷோபன் வாசிக்கத் தான் பலமுறை கேட்டிருப்பதாக முன்னுரையில் உறுதி சொல்கிறார். நூறாண்டு கழித்து, 1960இல், பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் பாரிஸில் ஓர் ஆல்பத்தை வாங்கினார். 1835இல் ஷோபன் ஒரு சீமாட்டிக்காகத் தன் கையால் எழுதிக் கொடுத்த அதே படைப்பு அதற்குள் இருந்தது. ஃபொன்தானாவின் அச்சுக்கும் இதற்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. உடனே ஃபொன்தானாவைக் கூண்டில் ஏற்றத் தோன்றும். நான் ஏற்ற மாட்டேன். பொய் சொல்லத் தேவையில்லாத மனிதர். காதில் இருந்ததைத் தாளில் இறக்கியிருக்கிறார். என் வேலையில் தினமும் பார்ப்பதுதான்: நன்றாகத் தெரிந்த நூலை நகலெடுப்பவர்தான் அதிகம் பிழை செய்வார். தெரியாதவர் எழுத்தெண்ணிப் படி எடுப்பார்.

அதற்குப் பின் வந்த பதிப்பாசிரியர்கள் தம் பாட்டுக்கு நீண்ட வளைவுகளை வெட்டினார்கள், அலகுகளை நிரப்பினார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. மிஸ்ஸின் புத்தகமும் அந்த ரகம்தான்; அச்சிலேயே இத்தனை பேர் கை வைத்த பக்கத்தில் பென்சில்காரர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

புத்தகம் இப்போது என் வீட்டு எலக்ட்ரானிக் பியானோவின் மேல் இருக்கிறது. மூன்றாம் கட்டத்தை அலகு இல்லாமல், வரி முழுவதையும் ஒரே உரத்த குரலில், ஃப்ளாட்டோடு வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்தில் ஏழு முறை கை தானாகக் குரலைத் தாழ்த்திவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். பள்ளி நிகழ்ச்சியில் வாசிக்கச் சின்னதாக, சோகமாக ஏதாவது வேண்டுமாம். நான் சமையலறையில் காப்பி கலந்து கொண்டுவருவதற்குள் இருபதாம் பிரெலூடைப் போனில் படமெடுத்துவிட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டாள். “சித்தி, இந்த இடம் ரொம்ப அழகாக இருக்கிறது” என்று திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். மூன்றாம் கட்டம். படத்தில் பென்சில் நல்ல கறுப்பாக விழுந்திருந்தது.